புத்தகத்தை மூடிவிட்டு வேதியியலைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அடியிலிருந்து பெரிய பெரிய குமிழாக மேலே வருகிறதே, அந்தக் குமிழுக்குள் என்ன இருக்கிறது?

என் அக்கா மகள் ஒருநாள் இதைக் கேட்டபோது, பள்ளியில் வேதியியலில் நல்ல மார்க் வாங்கியவன் என்ற தெம்பில் "காற்றுதான், வேறென்ன" என்று சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தண்ணி முழுசா வத்துற வரைக்கும் குமிழ் வருதே மாமா, அவ்வளவு காத்து அதுக்குள்ள எங்க இருந்துச்சு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் பொடிக் குமிழ்கள் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. நன்றாகக் கொதிக்கும்போது வருவது நீராவி, அதாவது அதே தண்ணீர், வாயு நிலையில். "கொதித்தல் ஒரு நிலைமாற்றம், மூலக்கூறு மாறுவதில்லை" என்று தேர்வில் எழுதியவன்தான் நான். எழுதிய வரிக்கும் அடுப்பில் இருந்த பாத்திரத்துக்கும் நடுவே என் மூளை எந்தப் பாலமும் போட்டிருக்கவில்லை.

அதற்கப்புறம் பள்ளி வேதியியலை முதலிலிருந்து சோதித்துப் பார்த்துக்கொண்டேன். அதற்கு நான் பிடித்துக்கொண்ட முறைதான் இது. மேல் வகுப்புக்குப் போகும்முன் அடித்தளம் சரியா என்று பார்க்க நினைப்பவர்கள், பல வருட இடைவெளிக்குப் பின் திரும்பி வருபவர்கள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து முழிப்பவர்கள், யாருக்கும் பயன்படும்.

முதலில் ஒரு விஷயம். இணையத்தில் கிடைக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களை மட்டும் நம்பி "எனக்கு எண்பது சதவீதம் தெரியும்" என்று முடிவுகட்டாதீர்கள். சரியான விடை கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது அது பழக்கப்பட்ட முகம் மாதிரி தெரியும், உடனே கை அதன்மேல் போய்விடும். அந்த வினாக்களை வைத்துத்தான் பயிற்சி செய்ய முடியும் என்றால் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, உங்கள் பதிலைத் தாளில் எழுதிவிட்டு, அப்புறம் கையை எடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே மார்க் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

தயாராவது

வெற்றுத்தாள் நான்கைந்து, ஒரு பென்சில், ஒரு கால்குலேட்டர், தனிமங்களின் குறியீடும் அணு எண்ணும் அணு நிறையும் மட்டும் உள்ள ஒரு ஆவர்த்தன அட்டவணை. அவ்வளவுதான். பாடப்புத்தகம் வேறு அறையில் இருக்கட்டும், எட்டும் தூரத்தில் இருந்தால் கை சும்மா இருக்காது. கீழே வரும் படிகளை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு ஒரு படி, அரை மணி நேரம் போதும்.

தாளின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஒவ்வொரு விடையை எழுதியதும், திருத்துவதற்கு முன்பே, அந்தப் பத்தியில் "உறுதி", "சந்தேகம்", "குருட்டடி" என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். இது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன், ஆனால் தவிர்த்துவிடாதீர்கள். முழு முறையிலும் உபயோகமான பகுதி அந்தப் பத்திதான்.

படி 1: எழுத்துக்கள் தெரியுமா

அகர வரிசை தெரியாமல் படிக்க முடியாது, இங்கே குறியீடுகளும் மின்சுமைகளும்தான் அகர வரிசை. அட்டவணையைக் கவிழ்த்துவைத்துவிட்டு முதல் 20 தனிமங்களை வரிசையாக எழுதுங்கள். கூடவே இரும்பு, தாமிரம், துத்தநாகம், வெள்ளி, ஈயம், அயோடின். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ஏன் பெயருக்குச் சம்பந்தமில்லாத குறியீடு என்று குழம்புபவர்களுக்கு: அவை நேட்ரியம், கேலியம் என்ற லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை.

பிறகு கூட்டாக வரும் அயனிகள், அதாவது மின்சுமை கொண்ட அணுக்கூட்டங்கள்: சல்பேட்டும் கார்பனேட்டும் இரண்டு எதிர்ச்சுமை, நைட்ரேட்டும் ஹைட்ராக்சைடும் ஒன்று, பாஸ்பேட் மூன்று, அம்மோனியம் ஒரு நேர்ச்சுமை. இதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் மனப்பாடம் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சேர்மங்களின் வாய்பாடு எழுதிப் பாருங்கள். அலுமினியம் சல்பேட்டில் எத்தனை அலுமினியம், எத்தனை சல்பேட்? அலுமினியத்துக்கு மூன்று நேர்ச்சுமை, சல்பேட்டுக்கு இரண்டு எதிர்ச்சுமை, ஆறில் இரண்டும் சந்திக்கின்றன, ஆகவே இரண்டு அலுமினியம், மூன்று சல்பேட். இதேபோல் கால்சியம் பாஸ்பேட், அம்மோனியம் கார்பனேட், மெக்னீசியம் நைட்ரேட் என்று பத்து எழுதுங்கள். பத்தில் எட்டுக்குக் கீழே வந்தால் அடுத்த படிக்குப் போகாமல் இங்கேயே இரண்டு நாள் இருப்பது நல்லது.

படி 2: வரைந்து பாருங்கள்

வார்த்தையில் ஒளிந்துகொள்ளலாம், படத்தில் ஒளிய முடியாது. தாளில் மூன்று கட்டம் போட்டு, பனிக்கட்டி, தண்ணீர், நீராவி மூன்றிலும் பத்துப் பத்து மூலக்கூறுகள் வரையுங்கள். ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு பெரிய வட்டம், இரண்டு சின்ன வட்டம். வரைந்தாயிற்றா? இப்போது நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை: நீராவிக் கட்டத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்துபோய்விட்டனவா? போயிருந்தால் தப்பு, மூன்று கட்டத்திலும் மூலக்கூறு அப்படியேதான் இருக்க வேண்டும். திரவக் கட்டத்தில் மூலக்கூறுகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விட்டிருக்கிறீர்களா? அதுவும் தப்பு, திரவத்திலும் துகள்கள் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, நகர முடிகிறது என்பதுதான் வித்தியாசம். நீராவியில் மூலக்கூறுகளுக்கு நடுவே இருப்பது என்ன? ஒன்றுமில்லை, வெற்றிடம். இந்த இடத்தில் "காற்று" என்று எழுதுபவர்கள் ஏராளம், காற்றே துகள்களால் ஆனதுதான் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகிறது.

அடுத்து இன்னும் நான்கு கட்டம்: ஒரு தனிமம், ஒரு சேர்மம், இரண்டு தனிமங்களின் கலவை, ஒரு தனிமமும் ஒரு சேர்மமும் சேர்ந்த கலவை. கடைசியாக உப்புக் கரைசல். உப்பு கரைந்ததும் சோடியம் அயனி தனியாக, குளோரைடு அயனி தனியாக, ஒவ்வொன்றையும் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் நிற்க வேண்டும். சோடியமும் குளோரினும் ஜோடியாகக் கைகோத்து மிதக்கிற மாதிரி வரைந்திருந்தால் அயனிப் பிணைப்பு பாடத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. சர்க்கரையை அப்படியே முழு மூலக்கூறாக வரையலாம், அது கரையும்போது உடைவதில்லை.

படி 3: சமன்பாடு

அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து அலுமினியம் ஆக்சைடு ஆகிறது. சமன் செய்யுங்கள். நான்கு அலுமினியம் அணு, மூன்று ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு அலுமினியம் ஆக்சைடு என்று வந்தால் சரி. எண்களை மாற்றி மாற்றிப் போட்டு யாரும் இதைச் செய்துவிடலாம், அதனால் இதோடு நிறுத்தாமல் அந்தச் சமன்பாட்டை ஒரு வாக்கியமாக, எண்களின் அர்த்தத்தோடு எழுதிப் பாருங்கள். முன்னால் போடும் எண் எத்தனை துகள் என்று சொல்கிறது, கீழே எழுதும் சின்ன எண் ஒரு துகளுக்குள் எத்தனை அணு என்று சொல்கிறது. சமன் செய்யும்போது சின்ன எண்ணில் கை வைக்கவே கூடாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாட்டில், தண்ணீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு இரண்டைப் போட்டால் கணக்கு நேராகிவிடும், ஆனால் கையில் இருப்பது இனித் தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு!

இதோடு ஒரு ஜோடிக் கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள். 10 கிராம் கால்சியம் கார்பனேட்டை முழுதாகச் சிதையும்வரை கடுமையாகச் சூடாக்கினால் 5.6 கிராம் மிஞ்சுகிறது. இரும்புக் கம்பி இழைகளைக் காற்றில் எரித்தால் எடை கூடுகிறது. நிறை அழியாது என்கிறார்களே, இங்கே என்ன நடக்கிறது? முதலாவதில் 4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியே போயிருக்கிறது, இரண்டாவதில் காற்றிலிருந்த ஆக்சிஜன் உள்ளே வந்திருக்கிறது. இரண்டையும் மூடிய பாத்திரத்தில் செய்தால் தராசு அசையாது. (கணக்குப் போட்டால் போதும், எதையும் எரித்துப் பார்க்கச் சொல்லவில்லை.)

படி 4: மோல், இங்கே கொஞ்சம் அதிக நேரம்

பள்ளி வேதியியலில் ஆட்கள் கழன்றுகொள்ளும் இடம் இது. எனக்கும் இங்கேதான் கழன்றது, ஆனால் சூத்திரம் தெரிந்ததால் வெளியே தெரியாமல் ஓட்டிவிட்டேன். நிறையை மோலார் நிறையால் (ஒரு மோலின் நிறை, கிராமில்) வகுத்தால் மோல், சரி. மோல் என்றால் என்ன? ஒரு டஜன் என்றால் 12, ஒரு மோல் என்றால் சுமார் 6.022 பெருக்கல் பத்தின் 23ஆம் அடுக்கு, அவ்வளவுதான். அது ஒரு எண்ணிக்கை. 2019இலிருந்து இதன் வரையறையே அப்படித்தான், 6.02214076 என்று தொடங்கும் ஒரு நிலையான எண். எதற்கு இந்த எண்ணிக்கை? வினைகள் துகள் கணக்கில் நடக்கின்றன, தராசு கிராமில்தான் காட்டும், இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்க ஒன்று வேண்டும்.

இது புரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு கணக்கு போதும். 6 கிராம் மெக்னீசியத்தையும் 6 கிராம் ஆக்சிஜனையும் மூடிய பாத்திரத்தில் வினைபுரிய விட்டால் கடைசியில் என்னென்ன, எவ்வளவு இருக்கும்? மெக்னீசியம் 24, ஆக்சிஜன் அணு 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிக்குக் கீழே படிக்காமல் முதலில் தாளில் செய்யுங்கள்.

முதலில் மனதில் வரும் விடை 12 கிராம் மெக்னீசியம் ஆக்சைடு. இரண்டும் ஆறு, சரிசமம், மிச்சமில்லை என்று தோன்றும். ஆனால் மெக்னீசியம் 6 கிராம் என்றால் கால் மோல். சமன்பாட்டின்படி இரண்டு மெக்னீசியத்துக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு, ஆகவே தேவைப்படுவது 0.125 மோல் ஆக்சிஜன், மூலக்கூறு நிறை 32 என்பதால் 4 கிராம். இருப்பது 6. மெக்னீசியம் முதலில் தீர்ந்துபோகிறது, 10 கிராம் ஆக்சைடு உண்டாகிறது, 2 கிராம் ஆக்சிஜன் சும்மா நிற்கிறது. பத்தும் இரண்டும் பன்னிரண்டு, தொடக்கத்தில் இருந்த அதே நிறை, ஆக விடையை நீங்களே சரிபார்த்துக்கொள்ளவும் முடிகிறது.

சரியாக வந்ததா? எண்களை மாற்றி இன்னும் மூன்று செய்யுங்கள். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் எடுத்தால் 18 கிராம் தண்ணீரும் 2 கிராம் ஹைட்ரஜனும் வர வேண்டும். தப்பாக வந்திருந்தால் எந்த இடத்தில் வழுக்கியது என்று பாருங்கள், பெரும்பாலும் மூன்றே இடம்தான். ஆக்சிஜனுக்கு 32 போட வேண்டிய இடத்தில் 16 போடுவது, கிராமையே நேரடியாக விகிதத்தில் போடுவது, எது முதலில் தீர்கிறது என்று பார்க்காமலே கையில் கிடைத்த எண்ணை எடுத்துக்கொண்டு ஓடுவது. மூன்றாவதைச் செய்பவர்களுக்கு மோல் புரிந்திருக்கிறது, அவசரம்தான் பிரச்சினை. இரண்டாவதைச் செய்பவர்கள் சூத்திரத்தை மறந்துவிட்டு டஜன் உதாரணத்திலிருந்து மறுபடி தொடங்குவது நல்லது.

படி 5: அட்டவணையில் ஒரு கட்டத்தை மறைப்பது

எனக்கு மிகப் பிடித்த பயிற்சி. மெண்டலீவ் 1869இல் தன் அட்டவணையை வெளியிட்டபோது சில இடங்களைக் காலியாக விட்டார், சிலிக்கானுக்குக் கீழே இருந்த காலியிடத்துக்கு அணு நிறை சுமார் 72 இருக்கும் என்று 1871இல் கணித்தார். 1886இல் ஜெர்மானியம் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் அணு நிறை இன்றைய கணக்கில் 72.63. அவர் செய்ததை நாமும் செய்யலாம். ஸ்ட்ரான்சியம் இருக்கும் கட்டத்தின்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டு அதைப் பற்றி எவ்வளவு சொல்ல முடிகிறது என்று எழுதுங்கள். மேலே கால்சியம் 40, கீழே பேரியம் 137, சராசரி 88.5, உண்மையான மதிப்பு 87.6. வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான், ஆகவே அயனிக்கு இரண்டு நேர்ச்சுமை, அதன் குளோரைடில் இரண்டு குளோரின், கார்பனேட்டில் ஒன்றுக்கு ஒன்று. தண்ணீரோடு கால்சியத்தைவிட வேகமாக வினைபுரியும்.

ஏன் வேகமாக? இதைச் சொல்ல முடிந்தால்தான் பயிற்சி முடிந்தது. வெளி எலக்ட்ரான்கள் கருவிலிருந்து இன்னும் தள்ளி இருக்கின்றன, நடுவே உள் எலக்ட்ரான்களின் மறைப்பும் அதிகம், அதனால் இழப்பது சுலபம். "கீழே போகப் போக வினைத்திறன் கூடும்" என்று மட்டும் எழுதினால் பாதி மார்க் போட்டுக்கொள்ளுங்கள். அதையே விதியாக வைத்துக்கொண்டு ஹாலஜன் தொகுதிக்கு (ஃபுளோரின், குளோரின் இருக்கும் வரிசை) போனால் கவிழ்ந்துவிடுவீர்கள், அங்கே எலக்ட்ரானை வாங்க வேண்டும், ஆகவே கீழே போகப் போக வினைத்திறன் குறைகிறது.

குளோரினின் அணு நிறை 35.5 என்று இருப்பதையும் இந்தப் படியிலேயே விளக்கிப் பாருங்கள். அரை நியூட்ரான் என்று ஒன்று கிடையாது. கிட்டத்தட்ட நான்கில் மூன்று குளோரின் அணுக்களுக்கு நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) 35, ஒன்றுக்கு 37, சராசரி எடுத்தால் 35.5.

படி 6: "ஏன்" கேள்விகள்

இவற்றை இரண்டு மூன்று வரியில், யாருக்கோ வாட்ஸ்அப்பில் சொல்கிற மாதிரி எழுதுங்கள். திட உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, 801 டிகிரி செல்சியஸில் உருகிய உப்பு கடத்தும், ஏன்? அயனிகள் இரண்டிலும் உண்டு, உருகிய பிறகுதான் அவற்றால் நகர முடிகிறது. "உருகினால் எலக்ட்ரான் ஓடும்" என்று எழுதியிருந்தால் உலோகத்தோடு குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

பி.எச். என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். பி.எச். 3 உள்ள கரைசல் பி.எச். 5 உள்ளதைவிட எத்தனை மடங்கு அமிலத்தன்மை கொண்டது? ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு, ஆகவே ஹைட்ரஜன் அயனிச் செறிவு நூறு மடங்கு. கூடவே ஒரு பொறி: பி.எச். 6 உள்ள அமிலக் கரைசலைத் தூய நீரால் ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தால் 9 ஆகிவிடுமா? தண்ணீர் ஊற்றி அமிலத்தைக் காரமாக்க முடியாது, 25 டிகிரியில் அது 7ஐ நெருங்கும், தாண்டாது. சூத்திரத்தை மட்டும் நம்புபவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள், நானும் மாட்டினேன்.

வலிமையான அமிலம், செறிவான அமிலம் இரண்டும் ஒன்றா? இல்லை. வலிமை என்பது எவ்வளவு பங்கு அயனியாகப் பிரிகிறது என்பது, செறிவு என்பது ஒரு லிட்டரில் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்பது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீர்த்திருந்தாலும் வலிமையானதுதான், அசிட்டிக் அமிலம் செறிவாக இருந்தாலும் வலிமை குறைந்ததுதான். பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவருமா? வராது, உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் வெளிவரும். எரிபொருள் எரிந்து வெப்பம் வருவது, உடைக்கக் கொடுத்ததைவிட உருவாகும்போது கிடைத்தது அதிகம் என்பதால்.

திருத்துவது

இப்போது புத்தகத்தை எடுத்துவரலாம். சரி, தப்பு என்று குறித்த பிறகு மொத்த மார்க்கைக் கூட்டாதீர்கள், வலது ஓரப் பத்தியைப் பாருங்கள். "குருட்டடி" என்று எழுதித் தப்பானவை பிரச்சினையே இல்லை, தெரியாது என்று உங்களுக்கே தெரியும், படித்தால் வந்துவிடும். "குருட்டடி" என்று எழுதிச் சரியானவற்றைத் தப்பாகவே கணக்கில் வையுங்கள். "சந்தேகம்" என்று எழுதிச் சரியானவற்றுக்கு இன்னும் இரண்டு கணக்கு போட்டால் போதும்.

"உறுதி" என்று எழுதித் தப்பானவற்றைத்தான் தனித் தாளில் எடுத்து எழுத வேண்டும். அவற்றை நீங்களாக ஒருபோதும் திரும்பப் படிக்கப் போவதில்லை, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போவீர்கள். என் முதல் தாளில் அப்படி ஏழு இருந்தன, குமிழ் கேள்வி அதில் முதலாவது. ஒவ்வொன்றுக்கும் சரியான விடையை எழுதினால் மட்டும் போதாது, நான் இதுவரை என்ன நினைத்திருந்தேன், அது ஏன் சரிப்படாது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். "குமிழுக்குள் காற்று என்று நினைத்தேன், தண்ணீர் வற்றும்வரை வருமளவு காற்று அதில் கரைந்திருக்க முடியாது" என்கிற மாதிரி. பழைய எண்ணத்தின் ஓட்டையைப் பார்க்காவிட்டால் இரண்டு வாரத்தில் அது அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தனித் தாளை மட்டும் வைத்து மறுபடி சோதியுங்கள், ஆனால் அதே கேள்வியாக வேண்டாம். மெக்னீசியத்துக்குப் பதில் கால்சியம், ஸ்ட்ரான்சியத்துக்குப் பதில் ரூபிடியம், உப்புக்குப் பதில் பொட்டாசியம் புரோமைடு. குமிழுக்குப் பதிலாக நான் போட்டுக்கொண்டது இது: மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்துவிட்டது, அதிலிருந்த மெழுகு இப்போது எங்கே? "உருகிப் போய்விட்டது" என்று எழுதினால், இரண்டாம் படியின் கட்டங்களை எடுத்துவைத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வரையத் தொடங்குங்கள்.